பத்துக் கஜத்துக்கு நாலு தவணை

அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் வரலாற்றை நான் நான்கு முறை எழுதியிருக்கிறேன். அந்த நாட்டில் நான் கால் வைத்ததில்லை. அணி விளையாடும் நகரம் எந்தப் பக்கம் இருக்கிறதென்று முதல் தடவை வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடித்தேன். அணியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. எனக்கும் அதற்கும் இனி ஒட்டுமில்லை, உறவுமில்லை.

நான் குடியிருக்கும் மெல்பனில் கால்பந்து என்று வாயைத் திறந்தால் எந்தக் கால்பந்து என்று விளக்கம் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது நீள்வட்டப் பந்தை உதைத்தும் கையால் குத்தியும் விளையாடுகிற இந்த ஊர் ஆட்டம். எங்கள் ஆட்களுக்கு அது உருண்டைப் பந்து. நான் எழுதியது மூன்றாவது சாதி. தலையில் கவசமும் தோளில் மெத்தையும் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் அணைத்தபடி ஐந்து வினாடி ஓடிவிட்டு அரை நிமிடம் நின்று யோசிக்கிற ஆட்டம். கோயிலில் யாராவது என்ன வேலை என்று விசாரித்தால் எழுத்து வேலை என்று சொல்லி நழுவிவிடுவேன். மனைவி விடமாட்டாள். காலே படாத கால்பந்தைப் பற்றி, பார்க்காமலே எழுதுகிறார் என்று எடுத்துக் கொடுப்பாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

இந்த வேலை வந்தது 2010இல். அதற்கு முந்தைய வருடக் கடைசியில் நான் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். அதற்கும் முன்னர், இலங்கையில், ஊரில், ஒரு சட்டத்தரணியிடம் பதினைந்து வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். ஆங்கிலம் எழுதுவேன், தமிழ் எழுதுவேன், எதை எழுதச் சொன்னாலும் எழுதுவேன். ஐம்பது வயதில் அந்தத் தகுதிக்குக் கிடைத்தது இணையத்தில் ஓர் அமெரிக்க நிறுவனம். ஒவ்வொரு வருடமும் ஆட்டப் பருவம் தொடங்குமுன் அது ஒரு வழிகாட்டி வெளியிடும். ஒவ்வோர் அணிக்கும் இரண்டு பகுதி: முதலில் வரலாறு, பிறகு வரும் பருவம் எப்படி இருக்கும் என்ற கணிப்பு. எங்கள் வீட்டில் இரண்டாவது பகுதிக்கு ராசிபலன் என்று பெயர்.

எனக்குத் தந்த அணி தோற்பதற்கென்றே பிறந்தது. யாரோ ஒரு சவர்க்காரத் தொழிற்சாலை முதலாளி தொடங்கியது. என் அப்பா அரைக் காற்சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் ஒரு கிண்ணம் வென்றிருக்கிறது. அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். பயிற்சியாளர்களைக் கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போட்டார்கள். மைதானத்தை இடித்துப் புதிது கட்டினார்கள். புது மைதானத்திலும் பழையபடியே தோற்றார்கள். இதையெல்லாம் சோகமாக எழுதக்கூடாது என்பது வழிகாட்டியின் ஆசிரியர் இட்ட கட்டளை. வழிகாட்டியை வாங்குகிறவன் நம்பிக்கையை வாங்குகிறான், கடைசிப் பந்தியில் அதைக் கொடுத்துவிடு என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தார். அதனால் நானும் வருடா வருடம் கடைசிப் பந்தியில் ஏதாவது ஒரு வெளிச்சம் வைப்பேன். புதிய பயிற்சியாளர் வந்திருக்கிறார், இளம் வீரரின் தோள் குணமாகியிருக்கிறது, இது மீள்கட்டுமான ஆண்டு. அந்தக் கடைசிச் சொல்லைத் தட்டச்சு செய்யும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். எங்கள் பக்கத்திலும் சண்டை முடிந்த கையோடு மீள்கட்டுமானம் என்று பெயர்ப்பலகைதான் முதலில் நட்டார்கள் என்று கேள்வி.

மூன்றாவது வருடம் எங்கள் கிளேட்டன் வீட்டின் பின்னறைக்கு ஒருவர் குடிவந்தார். படகில் வந்தவர். தடுப்பு முகாமில் இருந்து தற்காலிக விசாவில் வெளியே விட்டிருந்தார்கள். மனைவிக்குக் கோயிலில் தெரிந்த யாரோ கேட்டு, அவள் ஓம் என்று சொல்லிவிட்டு வந்துதான் எனக்குச் சொன்னாள். ஊரில் கணிதம் படிப்பித்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். முதல் நாளே நாங்கள் அவரை மாஸ்ரர் என்று கூப்பிடத் தொடங்கினோம். அவர் என்னை அண்ணை என்றார், மனைவியை அக்கா என்றார்.

மாஸ்ரருடைய மனைவியும் மகளும் ஊரில். அவருடைய அகதிக் கோரிக்கையை முதல் தடவை நிராகரித்துவிட்டார்கள். மீளாய்வுக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். அதிலும் இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம். வீட்டில் இதைப் பற்றி நாங்கள் அதிகம் கதைக்கவில்லை, ஆனால் அவருக்கு ஒரு கடிதம் வந்தால் மூன்று பேருக்கும் சாப்பாடு இறங்காது.

மரக்கறி பொதிசெய்யும் இடத்தில் அவருக்கு வேலை. திங்கட்கிழமை லீவு. மனைவி முதியோர் இல்லத்துக்கு வேலைக்குக் காலையிலேயே போய்விடுவாள். அமெரிக்காவில் ஞாயிறு பின்னேரம் நடக்கும் ஆட்டம் எங்களுக்குத் திங்கள் விடியலில் முடிந்திருக்கும். நிறுவனம் தந்த கடவுச்சொல்லை வைத்துக் காலை பத்து மணியளவில் அதைக் கணினியில் பார்க்கலாம். 2012 செப்ரெம்பரில் ஒரு திங்கள், பிளேன் ரீயும் கையுமாக வந்த மாஸ்ரர் என் பின்னால் நின்று பார்த்தார். பிறகு குசினியில் இருந்து ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. பந்து வைத்திருக்கும் அணி பத்துக் கஜம் முன்னேறவேண்டும். அதற்கு நான்கு முயற்சி. நான்குக்குள் பத்துக் கஜம் போய்விட்டால் மறுபடி புதிதாக நான்கு. போகாவிட்டால் பந்து எதிரணிக்கு. அந்த முயற்சிக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது, அதை நேரே தமிழாக்கினால் கீழே விழுவது என்று வரும். எனக்குச் சட்டென்று வாயில் வந்தது தவணை. பதினைந்து வருடம் நீதிமன்றத் தவணைகளைக் குறித்துக் குறித்துக் கை தேய்ந்தவனுக்கு வேறென்ன வரும்? வழக்கு ஒரு தவணையில் கொஞ்சம் நகரும், அடுத்ததில் நகராது, அதற்கடுத்ததில் பின்னால் போகும். அச்சொட்டாகப் பொருந்தியது.

மாஸ்ரருக்கும் உடனே பிடித்துக்கொண்டது. "எங்களுக்கு மூண்டு, இவங்களுக்கு நாலோ?" என்று சிரித்தார். எங்களுக்கு மூன்று என்று எதைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. ஏதோ பகிடி என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன்.

அந்தப் பருவம் முழுவதும் திங்கட்கிழமைகளில் எங்கள் வீட்டில் தவணை என்ற சொல்தான். மூண்டாம் தவணை, இன்னும் ஆறு கஜம். அவருக்கு அந்த ஆட்டத்தில் ஆகவும் பிடித்தது சங்கிலி. முன்னேறியது பத்துக் கஜம்தானா என்று சந்தேகம் வந்தால் நடுவர்கள் ஒரு சங்கிலியைக் கொண்டுவந்து தரையில் இழுத்துப் பிடித்து அளப்பார்கள். மைதானம் முழுக்கச் சனம் ஓர் அங்குலத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கணித வாத்தியாருக்கு அது தேர்த் திருவிழா. பிடிக்காதது நாலாம் தவணை. நாலாவதில் துணிந்து பார்க்காமல் எங்கள் அணி பந்தைத் தூரத்தில் எதிரணிக்கே உதைத்துக் கொடுத்துவிடும். அதுதான் புத்திசாலித்தனம், எல்லோரும் செய்வது என்று நான் சொன்னால் ஏற்கமாட்டார்.

அணி தோற்றால் அன்றைக்கு அவர் மத்தியானம் சாப்பிடமாட்டார். அணி வாராவாரம் தோற்றது. ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாரோ ஊர் பேர் தெரியாதவன் தோற்றதற்கு நீர் ஏன் பட்டினி கிடக்கிறீர், அவனுக்கு உம்மைத் தெரியுமா என்று கேட்டேன். அவர் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"முடிவு அண்டைக்கே தெரியிற விசயம் எனக்கு இது ஒண்டுதான், அண்ணை."

அடுத்த ஆட்டத்தையும் தோற்றார்கள்.

2013 குளிர்காலத்தில் மீளாய்வு விசாரணைக்குத் திகதி வந்தது. அவருடைய குடிவரவு முகவர், உங்களைப் பிடித்துக்கொண்டு போன சம்பவத்தை இன்னும் விரிவாக ஒரு வாக்குமூலமாக எழுதித் தரவேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டார். பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் அடுத்த கிழமைதான் கிடைப்பார் என்றார்கள். மாஸ்ரர் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்: பதினைந்து வருடம் வாக்குமூலமாக எழுதித் தள்ளியவன் வீட்டில் இருக்கும்போது நீர் ஏன் வெளியில் அலைகிறீர்?

அதே கிழமையில் ராசிபலனும் முடித்துக் கொடுக்க இருந்தது. அணிக்கு மறுபடியும் ஒரு புதிய பயிற்சியாளர். பகலில் அவரைப் பற்றி நம்பிக்கை ஊட்டுவேன், பின்னேரம் மாஸ்ரரைக் குசினி மேசையில் இருத்திக் கேட்டுத் தட்டச்சு செய்வேன். களைத்திருந்தேன். களைப்பு ஒரு சாக்கு என்று தெரியும். ஆனாலும் உண்மையில் களைத்திருந்தேன். ஊரில் இருந்து வந்த நாளிலிருந்து எத்தனையோ பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். எல்லாக் கதையும் ஒரே கதை மாதிரி காதில் விழத் தொடங்கியிருந்தது. ஒருவர் வாயைத் திறந்ததும் அடுத்த வசனம் எனக்கே தெரியும் என்று ஒரு நினைப்பு.

மாஸ்ரர் சொன்னது இது. "இரண்டாம் தவணை முடிஞ்ச கையோட வந்து விசாரணைக்கெண்டு ஏத்திக்கொண்டு போனவை. மூண்டாம் தவணைக்கு நான் போகேல்லை."

நான் ஆங்கிலத்தில் எழுதியது இது: நீதிமன்றத்தில் என் இரண்டாவது தவணை முடிந்ததும் என்னை விசாரணைக்காகக் கொண்டுசென்றனர். மூன்றாவது தவணைக்கு நான் ஆஜராகவில்லை.

எழுதியதை முழுவதும் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அந்த ஒழுங்கில் நான் குறைவைக்கவில்லை. வசனம் வசனமாக நிறுத்திக் கேட்டேன். இந்த இடத்துக்கு வந்தபோது, இரண்டாம் தவணை முடியக் கொண்டு போனார்கள், மூன்றாம் தவணைக்கு நீர் போகவில்லை, சரியா என்று கேட்டேன். "ஓம், சரி" என்றார். கையெழுத்து வைத்தார். அடியில் நான், மொழிபெயர்த்தவர் என்று என் பெயரைப் போட்டு, சட்டத்தரணி அலுவலகத்தில் பதினைந்து வருட அனுபவம் உள்ளவர் என்றும் சேர்த்தேன். யாரும் கேட்காத வரி. அச்சகம் மூடியதில் இருந்து என் அனுபவத்தை யாரும் கேட்கவில்லை என்ற வயிற்றெரிச்சல்தான் அந்த வரியை எழுதியது.

விசாரணைக்கு முந்தைய ஞாயிறு மூன்று பேரும் த பேசின் என்ற இடத்தில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்தோம். மனைவி தேங்காய் உடைத்தாள். ஆகஸ்டில் ஒரு காலை, மாஸ்ரரும் நானும் கிளேட்டனில் ரயிலேறி நகரத்துக்குப் போனோம். நான் துணைக்கு மட்டும்தான். பின்னால் ஒரு கதிரையில் இருக்கலாம், கதைக்கக்கூடாது. முன்னால் அதிகாரி, நடுத்தர வயதுப் பெண், சத்தம் போடாத ஆள். முகவர் ஒரு பக்கம். மாஸ்ரருக்கு அருகில் அவர்கள் ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர், தமிழ்நாட்டுக்காரப் பெண். அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் மாஸ்ரருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

அரை மணி நேரம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு அதிகாரி என் வாக்குமூலத்தைக் கையில் எடுத்தார். மொழிபெயர்ப்பாளர் மாஸ்ரர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, உங்க கோர்ட் ஹியரிங் ரெண்டும் எந்த ஊர் கோர்ட்ல நடந்துச்சுன்னு கேக்குறாங்க."

மாஸ்ரர் விளங்காமல் அவரைப் பார்த்தார். எந்தக் கோட்ஸ் என்று கேட்டார். என்மேல் ஒரு வழக்கும் இல்லை, நான் வாழ்க்கையில் ஒருநாளும் கோட்ஸ் வாசல் மிதிக்கவில்லை, முதல் நேர்காணலிலும் அப்படித்தான் சொன்னேன் என்றார். ஓம், அப்படித்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்றார் அதிகாரி. ஆனால் நீங்கள் கையெழுத்து வைத்த இந்தத் தாளில் இரண்டு தடவை நீதிமன்றம் போனதாகவும் மூன்றாவதற்குப் போகாமல் விட்டதாகவும் இருக்கிறது. எது உண்மை?

பின்கதிரையில் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பள்ளிக்கூடத் தவணை. எங்கள் நாட்டில் வருடத்துக்கு மூன்று தவணை. ஆவணி விடுமுறைக்கு முன்னால் முடிவது இரண்டாம் தவணை. மூன்றாம் தவணைக்குப் பள்ளிக்கூடம் திறந்தபோது அவர் படிப்பிக்கப் போகவில்லை, ஏனென்றால் அவர் பிடித்துக்கொண்டு போனவர்களின் கையில் இருந்தார். எங்களுக்கு மூண்டு என்று சிரித்தாரே, அதுதான் அது. ஒரு வருடமாக ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர் பள்ளிக்கூடத்தைப் பார்த்திருக்கிறார், நான் நீதிமன்றத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மாஸ்ரர், மாஸ்ரர் என்று கூப்பிட்டவன் நான். ஒரு வாத்தியார் தவணை என்றால் வேறெதைச் சொல்லுவார் என்று ஒருகணம் நினைத்திருந்தால் போதும்.

இடைவேளை விட்டார்கள். வெளியே வாசலில் வைத்து அவருக்குச் சொன்னேன். தவணை என்றால் பள்ளிக்கூடத் தவணைதானே என்று கேட்டார். வேறு ஒன்று இருக்கும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. பிறகு, இப்போது போய் உண்மையைச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள்தானே என்று கேட்டார். ஓம் என்றேன். நானும் அப்படித்தான் நம்பினேன்.

முகவர் கேட்டதில் என்னைக் கதைக்க விட்டார்கள். அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள், பிழை என்னுடையது, அவருடையது அல்ல என்று சொன்னேன். அதிகாரி மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார். அந்தப் பெண் நேர்மையாகத்தான் பதில் சொன்னார். எங்கள் ஊரில் தவணை என்றால் கடனைப் பகுதி பகுதியாகக் கட்டுவது, இலங்கையில் வேறு மாதிரி இருக்கலாம், எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆக, அந்த அறையில் இருந்த மூன்று தமிழர்களுக்கு அந்தச் சொல்லில் மூன்று அர்த்தம். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நீங்கள் சட்ட அலுவலகத்தில் பதினைந்து வருடம் வேலை செய்ததாக எழுதியிருக்கிறீர்கள், அப்படி அனுபவம் உள்ள ஒருவர் பாடசாலையையும் நீதிமன்றத்தையும் மாற்றி எழுதுவாரா என்று கேட்டார். இப்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்றும் கேட்டார். அமெரிக்கக் கால்பந்து பற்றி எழுதுகிறேன் என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் மாஸ்ரரிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். ரயிலில் கேட்டேன், வீட்டு வாசலில் கேட்டேன், மறுநாள் ரீ ஊற்றும்போது கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் பரவாயில்லை அண்ணை என்றார். அதைக் கேட்டால் எனக்கு ஒரு மணித்தியாலம் மனம் லேசாகும், பிறகு மறுபடி போய் நிற்பேன். மனைவி ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, அந்தாளை நிம்மதியாகச் சாப்பிட விடுங்கோ என்றாள். அவள் வேறு ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேன்.

இதற்கிடையில் அமெரிக்க ஆசிரியர் எழுதியிருந்தார். நான்கு வருடத்தில் நான் எழுதியதில் இந்த வருட ராசிபலன்தான் திறமாம். கடைசிப் பந்தியை வாசித்துவிட்டுத் தனக்கே நம்பிக்கை வந்துவிட்டதாம். செப்ரெம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. நாங்கள் பார்க்கவில்லை. மாஸ்ரர் திங்கட்கிழமைகளிலும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒக்ரோபரில் முடிவு வந்தது. நிராகரித்திருந்தார்கள். முகவர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். இருந்தாலும் மாஸ்ரருக்கு முழுவதும் தெரியவேண்டும். கடிதத்தை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்து என் முன்னால் வைத்தார். வேறு யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லும் என்றேன். இல்லை, நீங்களே வாசியுங்கோ என்றார். அது தண்டனையா நம்பிக்கையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நீண்ட கடிதம். முதல் பகுதி அவருடைய வரலாறு. இரண்டாவது பகுதி, திரும்பிப் போனால் இனிமேல் அவருக்கு என்ன நடக்கக்கூடும் என்ற கணிப்பு. வாசிக்க வாசிக்க எனக்கு அந்த நடை தெரிந்தது. ஒரு பக்கம் பார்த்தால் இப்படி, மறுபக்கம் பார்த்தால் அப்படி, எல்லாவற்றையும் கருத்தில் கொண்டால் இப்படித்தான் நடக்கும். கால் வைத்தே இராத ஓர் ஊரைப் பற்றி, மேசையில் இருந்த தாள்களை மட்டும் பார்த்து, அவசரமில்லாமல், அழகாக எழுதியிருந்தார்கள். அதில் பொல்லாப்பு ஒன்றும் இல்லை. நான்கு வருடம் நான் செய்த அதே வேலை. அந்த ஆங்கிலத்தில் எனக்கு ஒரு காற்புள்ளிகூடக் குறை சொல்லத் தெரியவில்லை. நடுவில் ஒரு பந்தி என்னைப் பற்றி. மொழிபெயர்த்தவர் விண்ணப்பதாரரின் நண்பர், சட்ட அனுபவம் உள்ளவர், அவருடைய விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை. அதையும் தமிழில் வாசித்தேன். மாஸ்ரர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று பின்னேரமே அமெரிக்க ஆசிரியருக்கு, இனி எழுதமாட்டேன் என்று இரண்டு வரி அனுப்பினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

பாக்கி இருந்தது நீதிமன்றம். கட்டணம் வாங்காமல் ஓர் இளம் சட்டத்தரணி முன்வந்தார். ஒருநாளும் கோட்ஸ் வாசல் மிதிக்காத மனிதர், டிசெம்பரில் கடன் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு மெல்பன் நீதிமன்றத்தில் போய் நின்றார். என்னுடைய பொய் வசனத்தில் பாதி அப்படி உண்மையானது. உள்ளே பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த வருடத்தில் ஒரு நாளைக் குறித்தார்கள், அவ்வளவுதான். வெளியே வந்ததும் நான் சட்டத்தரணியைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த முறை நீதிபதி முன்னால் அந்தச் சொல்லை நான் விளங்கப்படுத்துகிறேன், அகராதி கொண்டுவருகிறேன், ஊரில் இருந்து பள்ளிக்கூட அதிபரிடம் கடிதம் எடுக்கிறேன் என்று அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். இந்த நீதிமன்றம் நடந்தது என்ன என்று திரும்பப் பார்க்காது. முடிவை எழுதிய விதத்தில் சட்டப்பிழை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அந்தச் சொல்லைப் பற்றி இனி உங்களிடம் யாரும் கேட்கமாட்டார்கள்.

என்ன சொல்லுகிறார் என்று மாஸ்ரர் கேட்டார். இந்தத் தடவை ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சில இடங்களில், நான் சொன்னதை நீர் எப்படி விளங்கினீர் என்று திருப்பிச் சொல்லச் சொல்லியும் கேட்டேன். அவர் சரியாகவே விளங்கியிருந்தார்.

கிளேட்டன் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். வெயில் கொளுத்தியது. அவர் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தார். இரண்டு மூன்று ஸ்ரேசன் போனதும் எனக்குத் தாங்கவில்லை. என்னை மன்னியும் மாஸ்ரர், எல்லாம் என்னால் வந்தது என்று தொடங்கினேன். அவர் வழக்கம் போலப் பரவாயில்லை என்று சொல்லவில்லை. கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இனி மன்னிப்புக் கேளாதேங்கோ, அண்ணை. எழுதினது நீங்கள், போகப்போறது நான். உங்களையும் நானே தேத்திறதுக்கு என்னட்டைத் தெம்பில்லை."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.